ஒட்டில்லாத சிலுவை

என் அண்ணன் ஏனோக் இறந்த செய்தி எனக்கு திமாப்பூரில் கிடைத்தது. அதற்குள் அடக்கம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நர்ஸ் வேலையை ஊர் ஊராக மாற்றிக்கொண்டு திரிகிறவளுக்கு எந்த விலாசத்துக்குத் தந்தி அடிப்பார்கள்? அதன் பிறகும் சில ஊர்கள். எண்பத்தைந்தாம் வருஷம் மழைக்காலத்தில்தான் செகந்திராபாத் ஸ்டேஷனில் வந்து இறங்கினேன்.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் அண்ணன் மனைவி ஹில்டா மைனி குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேலே அண்ணனின் காக்கிச் சட்டை. முழங்கை வரைக்கும் சின்னச் சின்னத் தீக்காயங்கள். சில ஆறியவை, சில அன்றைக்குப் பட்டவை.

"வாட்டி சுந்தரி. எந்தச் சீமையில இருந்து வாரே?"

"கையைக் காட்டுங்க மைனி."

"இதுக்கெல்லாம் நர்ஸம்மா வேண்டாம். உள்ள போ, மாவு இருக்கு, தோசை சுட்டுத் தின்னு."

மைனி நாசரேத் பக்கத்து உபதேசியார் ஒருவரின் மகள். தையலும் பாட்டும் தெரியும். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் கடைக்காரனிடம் உப்புக் கேட்க வழி தெரியாமல் பருப்பு வாங்கிக்கொண்டு திரும்பியவள். அண்ணன் மஞ்சள் காமாலையில் போனபோது மகள் பிளாரன்ஸ் இரண்டாம் வகுப்பு. கருணை அடிப்படையில் ரயில்வே வேலை கொடுத்தது. மற்ற விதவைகளுக்கு ஆபீஸில் பியூன் வேலை, ஆஸ்பத்திரியில் ஆயா வேலை என்று அமைந்தது. மைனியின் முறை வந்தபோது காலியாக இருந்தது ஒர்க் ஷாப்பில், அண்ணன் வேலை பார்த்த அதே ஸ்மித் ஷாப் என்ற கொல்லுப் பட்டறையில், எடுபிடிக் கலாசி இடம் ஒன்று மட்டும். கரி சுமந்தாள், தண்ணீர் ஊற்றினாள், சாம்பல் அள்ளினாள். பிறகு ஆள் குறைந்ததும், போர்மேன் ராஜாராமன் மூலையில் இருந்த சின்ன உலை ஒன்றை அவளிடம் விட்டு, கொக்கியும் ஆணியும் அடித்துப் பழகச் சொன்னார். நான் வந்தபோது அவள் இரும்பைத் தொட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

நான் வந்த மறு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் ஜார்ஜ் ஐயா ஓர் அறிவிப்பு வாசித்தார். கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. மூன்று வருஷம் கடந்தும் கல்லோ இரும்போ வைக்காத குழிகளைக் கல்லறைத் திருநாளுக்குப் பிறகு திறந்து, வேறு அடக்கத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். மரச் சிலுவை கணக்கில் சேராது.

கோயிலிலிருந்து நேரே கல்லறைக்குப் போனோம். அண்ணன் தலைமாட்டில் இருந்த மரச் சிலுவையைத் தொட்டதும் பாதி என் கையோடு வந்துவிட்டது. கரையான்.

"ராணிகஞ்சுல வெல்டிங் கடையில ஒண்ணு வாங்கிருவோம் மைனி," என்றேன்.

பிளாரன்ஸ் முந்திக்கொண்டாள். "நக்கோ அத்தை. கடைவாலா சிலுவை வேண்டாம். எல்லாருக்கும் ஷாப் சிலுவை இருக்கு, பாருங்க."

சுற்றிலும் பார்த்தேன். ரயில்வேக்காரர்கள் படுத்திருந்த வரிசை முழுக்க ஒரே மாதிரிச் சிலுவைகள். ஸ்மித் ஷாப்பின் வழக்கம் அது. அங்கே வேலை பார்த்த கிறிஸ்தவர் யார் இறந்தாலும், கூட வேலை பார்த்தவர்கள் மதிய இடைவேளையில் ஒரு சிலுவை அடித்துக் கொடுப்பார்கள். அடிக்கிறவர் இந்துவா முஸ்லிமா என்று பார்ப்பதில்லை. ஒரே சதுரக் கம்பி. வெல்டிங் கிடையாது, ஆணி கிடையாது. பழுக்கக் காய்ச்சி ஒரு முனையிலிருந்து நீளவாக்கில் பிளப்பார்கள். கம்பியைக் கால்வட்டம் திருப்பி, மறுமுனையிலிருந்து இன்னொரு பிளவு; இரண்டும் நடுவில் கொஞ்சம் குறுக்கிட்டு நிற்கும். பிறகு பிளந்ததை விரித்தால் நாலு கையும், நடுவே ஒரு சின்னச் சன்னலும் கிடைக்கும். அந்தப் பிளவுக்கு ஷாப்பில் உள்ள ஒவ்வொருவரும் ஓர் அடியாவது கொடுக்க வேண்டும். செத்தவனை ஷாப் வழியனுப்பியதற்கு அதுதான் அடையாளம்.

அண்ணனுக்கு அதை அடிக்க யாரும் முன்வரவில்லை. எழுபத்து நாலில் நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தபோது அந்த ஷாப்பிலிருந்து வேலைக்குப் போன ஒரே ஆள் அவன். அவனோடு ஜோடியாகச் சம்மட்டி அடித்த நடேசன் முஷீராபாத் ஜெயிலுக்குப் போனார். நடேசன் வீட்டுச் சாமான்களைப் போலீஸ் தெருவில் எறிந்தது. சில வருஷம் கழித்து அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்து, பழையபடி அண்ணனோடு ஜோடி போட்டார்கள். அண்ணன் சாகும்வரை இருவரும் ஒரே இரும்பை அடித்தார்கள். நடேசன் ஒரு வார்த்தை பேசவில்லை. கருங்காலிக்குச் சிலுவை எதற்கு என்றுதான் ஷாப் நினைத்தது.

"வாங்கின சிலுவையை இந்த வரிசையில வெச்சா, ஷாப் இவரைத் தள்ளிருச்சுன்னு போர்டு எழுதி வெச்ச மாதிரி," என்றாள் மைனி. "இப்ப நானும் ஷாப்புதானே? நானே அடிக்கேன்."

பிறகு ஷாப்பில் நடந்தது ஒவ்வொன்றையும், சாயங்காலம் நான் அவள் கைக்கு மருந்து போடும்போது அவளே சொன்னாள்.

முதல் தடவை யாரிடமும் கேட்காமல் செய்தாள். கல்லறைக்குப் போகிற இரும்பு கெட்டியாக இருக்க வேண்டும் என்று, கழித்துப் போட்ட வண்டி ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை எடுத்தாள். பிளக்கிற வேலை ஒற்றை ஆளுக்கு ஆகாது. இடது கையில் கம்பியைப் பிடித்த குறடு, வலது கையில் உளி. சம்மட்டி அடிக்க இன்னொருவர் வேண்டும். அதனால் பட்டையைச் சிலுவை வடிவத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினாள். இடைவேளை இடைவேளையாக வேலை ஓடியது. கை முனைகளை இலை மாதிரி தட்டி எடுத்தாள். கடைசியில் சிவக்கக் காய்ச்சி, கொக்கிகளை எப்படி ஆற்றுவாளோ அப்படியே தண்ணீர்த் தொட்டியில் முக்கினாள்.

'டிக்' என்று ஒரு சத்தம். எடுத்துப் பட்டறைக்கல்லில் வைத்து லேசாகத் தட்டினாள். இரண்டாக விழுந்தது.

பக்கத்து உலைக் குணசேகரன் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னான்: "கைக்கு அக்கா இந்த வேலை, எதுக்கு? ஸ்பிரிங் பட்டையைத் தண்ணியில போட்டா கண்ணாடி ஆயிரும். ஹவ், ஆமா, அது ஒரு காரணம். கருங்காலி பேர்ல அடிச்ச சிலுவை நிக்காது, அது இன்னொண்ணு."

சிலர் சிரித்தார்கள். ராஜாராமன் வந்து உடைந்த துண்டுகளைக் காலால் ஒதுக்கினார். "சாதாரண சதுரக் கம்பி அந்த மூலையில இருக்கும்மா. மதியம் நீ என்ன செய்யறேன்னு நான் பார்க்க மாட்டேன். ஆனா அடிக்க ஆள் நான் போட முடியாது. அது அவங்களா வரணும்."

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. நான் வெல்டிங் கடைப் பேச்சை மறுபடி எடுத்தேன். மைனி பர்னால் தடவிய கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள். ஏதோ ஒன்று அவளுக்குள் முட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. என்னவென்று எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவள் நடேசன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, ஒரு பிளவுக்கு அடிச்சுக் கொடுங்க."

நடேசன் சோற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேற இன்னா வேலைன்னாலும் சொல்லும்மா, செய்யறேன். அவனுக்கு என் கை ஏறாது."

"ஸ்ட்ரைக்ல அவங்களா வேலைக்குப் போகலை அண்ணே. போகச் சொன்னது நான்."

இப்போது அவர் நிமிர்ந்தார்.

"போலீஸ் வண்டி எங்க வாசல்லயும் வந்து நின்னுச்சு. வேலைக்குப் போகாதவன் வீட்டைக் காலி பண்ணுன்னான். அவங்க பாயைச் சுருட்டி வெச்சிட்டு, நடேசன் போற இடத்துக்கு நாமளும் போவோம்னு உட்கார்ந்துட்டாங்க. நான்தான் சட்டையை எடுத்து மாட்டிவிட்டேன். நீங்க போகலைன்னா வயித்துப் பிள்ளையோட கிணத்துல விழுவேன்னேன். விழுந்தும் இருப்பேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இத்தினி வருஷம் ஏன் சொல்லலை?" என்றார் நடேசன்.

"அவங்க சொல்ல விடலை. தெரிஞ்சா குவார்ட்டர்ஸ் பொம்பளைங்க உன்னை நிம்மதியா விட மாட்டாங்க, எனக்கு ஆனது ஆச்சுன்னாங்க."

நடேசன் எழுந்தார். சோறு அப்படியே இருந்தது. "திரும்பி வந்த நாள்லேருந்து அவன் எதிர்ல நின்னு அடிச்சேன். தெனம் காலையில 'வா நடேசா'ன்னு சொல்லுவான். தெனம். நான் காது கேக்காத மாதிரி நிப்பேன். சாவுக்குக்கூட வாசல்ல நின்னுட்டுத் திரும்பிட்டேன். நீ இதெல்லாம் தெரிஞ்சே வூட்ல சோறாக்கினு இருந்தியா?"

என்னிடம் சொல்லும்போது மைனி அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, கட்டு இறுக்கமாக இருக்கிறது, தளர்த்து என்றாள்.

எனக்கும் அது புதிய செய்திதான். என் அண்ணனைக் கோழை என்று நானும் நினைத்திருந்தேன். அந்த நிமிஷம் மைனியின் கையை விட்டுவிட்டு எழுந்து போகத் தோன்றியது. போகவில்லை. கட்டைத் தளர்த்தினேன்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் மைனி சதுரக் கம்பியை உலையில் வைத்துவிட்டுத் தனியாக நின்றிருந்தபோது, நடேசன் வந்து சம்மட்டியை எடுத்தார். "பழுக்கட்டும். இன்னும் வெளுக்கணும்," என்றார். அவ்வளவுதான். கம்பி வெளுத்ததும் அவள் எடுத்துப் பட்டறைக்கல்லில் வைத்து, கோட்டின் மேல் உளியை நிறுத்தித் தலையசைத்தாள். அடி விழுந்தது. உளியைப் பிடித்திருந்த கைக்கும் சம்மட்டிக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். கொஞ்சம் தவறினால் மணிக்கட்டு போய்விடும். அடிக்கிறவர் தன்னை வெறுக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். கண்ணை மூடாமல் பிடித்திருந்தாளாம். "அவர் அடி பிசகலைட்டி. ஒண்ணுகூடப் பிசகலை."

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கம்பி ஆறியது, மறுபடி பழுத்தது, மறுபடி உளி. குணசேகரனும் வந்து ஓர் அடி கொடுத்தான். பிளவு முடிந்ததும் நடேசன் சம்மட்டியைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னார்: "அவனுக்கு அடிச்சோம். உனக்கு இல்லை."

மிச்ச வேலை அவள் ஒருத்தியுடையது. பிளவுகளை விரித்தாள். கை முனைகளை இலையாகத் தட்டினாள், ஒரு இலை மற்றவற்றைவிடக் குட்டையாகிவிட்டது. கீழ்க்காலைக் கயிறுபோல முறுக்கினாள், முறுக்கு ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் விழுந்தது. நடுவில் மட்டும் அந்தச் சன்னல் மற்றச் சிலுவைகளில் இருப்பதுபோலவே சரியாகத் திறந்திருந்தது. தண்ணீர்ப் பக்கமே போகாமல் சாம்பலில் புதைத்து ஆறவிட்டாள். ராஜாராமன் அனுமதிச் சீட்டுக் கொடுத்து கேட்டுக்கு வெளியே அனுப்பினார். நாங்கள் சைக்கிள் ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுபோய் சிமெண்ட் போட்டு நிறுத்தினோம். ஜார்ஜ் ஐயா வந்து ஆட்டிப் பார்த்தார். "இது நிக்கும்," என்றார்.

கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் ஸ்மித் ஷாப் வந்தது. புதுச் சிலுவை நட்ட வருஷம் ஷாப் வருவதும் வழக்கம்தானாம். சாமந்தி மாலை, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி. நடேசன் செருப்பைக் கழற்றிவிட்டு மாலையைச் சாத்தினார். குனிந்து ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. பிறகு அந்தக் குட்டையான இலையை விரலால் தடவிப் பார்த்தார். எல்லோரும் பிளாரன்ஸின் தலையைத் தொட்டார்கள். என்னிடம் எப்போது வந்தாய் என்று கேட்டார்கள். மைனி நின்ற பக்கம் யாரும் திரும்பவில்லை.

நடேசனின் மனைவி செல்லம்மா மட்டும் அவளிடம் வந்தாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் ஹில்டா. அந்த மாசம் நானும்தான் வயித்துல புள்ளையோட மேட்டுக்குடாவுல மரத்தடியில கெடந்தேன். எனக்குக் கிணறு தெரியாமலா இருந்துச்சு?"

செல்லம்மா பதிலுக்கு நிற்கவில்லை.

திங்கட்கிழமை காலை சங்கு ஊதுமுன் மைனி காக்கிச் சட்டையை மாட்டினாள். ராஜாராமனிடம் சொல்லி கேன்டீனுக்கு மாற்றல் வாங்கிக்கொள்ளும்படி முந்தின நாளே சொல்லியிருந்தேன். மறுபடி சொன்னேன்.

"அங்க இனிமே யாரு மைனி உங்ககூடப் பேசுவா?"

"உங்க அண்ணன்கூட யாரு பேசினா?" என்றாள். பிளாரன்ஸுக்குச் சடை போட்டுவிடச் சொல்லிவிட்டு, ஒர்க் ஷாப் கேட்டை நோக்கி நடந்துபோனாள். முன்னால் ஆண்கள் கும்பலாகப் போனார்கள். அவர்களை எட்டிப் பிடிக்கவும் இல்லை, பின்தங்கவும் இல்லை.