ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி தொடாத அப்பா

எங்கள் அப்பா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே! அவர் மகள் நான், கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதச் சிரிப்பு வருகிறது. அதற்கு அப்பாதான் பொறுப்பு.

கரிக்கலாம்பாக்கத்தை அடுத்த சிற்றூரில் அப்பா பிறந்தார். இளமையிலேயே தகப்பனாரை இழந்து, பிறர் கழனியில் கூலிக்கு உழுது, பிறகு பாகூர் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் குத்தகைக்குப் பிடித்தார். ஊர்ப் பிள்ளைகள் பிழைப்புத் தேடிச் சைகோனுக்குக் கப்பல் ஏறியபோது அவர் ஏறவில்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமை உண்டோ இல்லையோ என்று பயந்துவிட்டார் என்பார் அம்மா.

அப்பாவின் பக்தி ஒளித்து வைத்த பக்தி அல்ல. ஏர் பூட்டுமுன் மாட்டின் நெற்றியிலும் சிலுவை போடுவார். கல்யாணப் பந்தியில் அவர் ஜெபம் முடிக்கும் வரை பக்கத்து இலைக்காரர்களும் சோற்றில் கை வைக்காமல் காத்திருப்பார்கள்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான ஆண்டு மழை ஏமாற்றியது. ஏரித் தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். எங்கள் முறை ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. ஆண்டவரின் ஓய்வு நாளில் அப்பா மண்வெட்டியைத் தொடமாட்டார். முறையை மாற்றிக்கொள்ளக் கூடாது. ஒருவர் எடுக்காமல் விட்ட தண்ணீர் அடுத்த கழனிக்குப் போகும் என்பது வாய்க்கால் கட்டுப்பாடு. நெல் விளைந்தால்தான் என் கல்யாணம்.

"சாமியார ஒரு வார்த்த கேட்டுட்டு வாயேன்யா" என்றார் அம்மா.

"கேட்டா சரின்னுடுவாரு. அதான் கேக்கல" என்றார் அப்பா.

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. எங்கள் தண்ணீரெல்லாம் அடுத்த கழனிக்காரர் கோவிந்தன் மாமாவின் பயிருக்குப் போயிற்று. எங்கள் பயிர் வாடியது. அவர் பயிர் பச்சைப் பசேலென்று நின்றது.

கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மாமா காய்ச்சலில் விழுந்தார். அவருடைய முறையும் வீணாய்ப் போயிற்று. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அப்பாவும் நானும் வரப்பில் வந்தோம். மாமாவின் மனைவி மண்வெட்டியைத் தூக்கத் தெரியாமல் தூக்கிக்கொண்டு, எங்கள் முறைத் தண்ணீரைத் தன் கழனிக்குத் திருப்ப வாய்க்காலில் தடுமாறிக்கொண்டிருந்தார். அப்பா பூசைக்குக் கட்டிய வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, மண்வெட்டியை வாங்கி, சிலுவை போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார்.

கோயிலிலிருந்து திரும்பியவர்கள் வாயைப் பிளந்தார்கள். "இன்னாபா இது, ஞாயித்துக்கெயமையில மம்புட்டி?" என்றார் ஒருவர். அப்பா குனிந்தபடி மாமாவின் கழனிக்கு மடை வெட்டினார்.

மாமாவின் பயிர் நிறையக் குடித்தது. அந்த அம்மாளுக்கு மனம் கேட்கவில்லை.

"ஒங்க கயினியும் காயுதே அண்ணா. அதுக்கும் ஒரு மட வெட்டி வுட்டுக்கங்களேன்."

"ஐயோ தங்கச்சி, இன்னிக்கி ஞாயித்துக்கெயம!" என்றார் அப்பா.

அந்தக் கணத்தில் என் ஆத்திரம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. வரப்பில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

எங்கள் கழனியில் பாதி பதர். அறுப்பு முடிந்ததும் மாமா வண்டி நிறைய நெல் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

"ஞாயித்துக்கெயம செஞ்ச வேலைக்குக் கூலி வாங்க மாட்டேன்" என்றார் அப்பா.

"கூலின்னு யார்ரா சொன்னது? எம்பொண்ணு கல்யாணத்துக்கு நான் போடுற சோறு. கல்யாணம் திங்கக்கெயமதானே? மூட்டையத் தூக்கு" என்றார் மாமா.

குறித்த நாளில் என் கல்யாணம் நடந்தது.

கடைசி நாட்களில் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்த அண்ணிக்கும், கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்த சுவாமியாருக்கும், குழி வெட்டி உதவிய ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கோவிந்தன் மாமாவுக்கு நன்றி சொன்னால் அடிக்க வருவார். ஆகவே அன்று அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அப்பா கண்ணை மூடியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமா கட்டிலருகே வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஞாயித்துக்கெயம ஒனக்குன்னு ஒரு வேலயும் செஞ்சிக்க மாட்டியேடா. இத மட்டும் ஏன்டா செஞ்சிக்கின?"