முன்கண்ணாடியும் நான்கு பித்தளை புஷ்களும்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் சேந்தமங்கலத்தில் குடியிருந்தோம். என் கணவர் அங்கே கால்நடை மருத்துவர். ஒருமுறை காளைக்கு ஊசி போடும்போது அது வாலைச் சுழற்றி அடித்ததில் அவருடைய வலது கருவிழி கீறிப்போயிற்று. சேலத்தில் ஒரு கண் மருத்துவர் ஒரு மாதம் வைத்தியம் பார்த்துக் காப்பாற்றிக் கொடுத்தார். அனுப்பும்போது, “இனிமே தூசி மட்டும் படவே கூடாது” என்றார். தினமும் முப்பது நாற்பது மைல் மண்ரோட்டில் மோட்டார் சைக்கிளில் சுற்றுகிற ஆளிடம் சொன்ன பேச்சு அது!

அதனால்தான் வண்டிக்கு முன்கண்ணாடி வாங்கிப் பொருத்தினோம். கண்ணாடி என்பது பேச்சுக்குத்தான். அது தடித்த ப்ளாஸ்டிக் தகடு. அதைத் தாங்க ஹேண்டில்பாரின் மேல் கறுப்பு ப்ளாஸ்டிக்கில் ஒரு தாங்கி. தாங்கியில் நான்கு துளைகள். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நுனி அளவில் பித்தளைக் குழல் ஒன்று பதிந்திருக்கும். புஷ் என்பார்கள். உட்புறம் மரை வெட்டியிருக்கும். போல்ட் அதில் ஏறிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும்.

இவருக்கு அந்த நான்கு போல்ட்டின் மேல் நம்பிக்கையே கிடையாது. தினமும் கிளம்புமுன் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொன்றையும் ஒரு இறுக்கு இறுக்குவார்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார். எதிர்க்காற்று ஓங்கி அடித்திருக்கிறது. கீழே இருந்த இரண்டு புஷ்ஷும் போல்ட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. கண்ணாடி மடிந்து இவர் நெஞ்சில் அறைந்தது. வண்டி மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கிவிட்டது. முழங்கை சிராய்ந்து, கண் சிவந்து, கண்ணாடியைத் துண்டால் பின்சீட்டில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். கொதித்து ஆறின தண்ணீரால் கண்ணைக் கழுவிவிட்ட பிறகுதான் வண்டியைப் பார்த்தேன்.

மறுநாள் நாங்கள் இருவரும் போனபோது நாமக்கல் மெக்கானிக் தாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மேல ரெண்டு புஷ்ஷும் தனியாச் சுத்துதுங்க டாக்டர். ப்ளாஸ்டிக்கு பிடியை விட்டுருச்சு. முழு செட்டா மாத்தோணுமுங்க. மெட்ராஸ்ல இருந்து வர ஒரு மாசம் ஆகும்.”

“ஒரு மாசம் கண்ணாடி இல்லாமயே ஓட்டிக்கறேன்” என்றார் இவர்.

“அந்தக் கண்ணோட ஓட்ட வேண்டாமுங்க. நான் சரி பண்றேன்” என்றேன்.

மெக்கானிக் சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்? கல்யாணத்துக்கு முன்னால் சேலத்தில் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குப் பாகங்கள் பொருத்துகிற ஒரு பட்டறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் நான். ரேடியோப் பெட்டிக்குள்ளும் இதே மாதிரி பித்தளை புஷ்தான். ஆயிரக்கணக்கில் பதித்திருப்பேன். ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற என் சால்டரிங் அயர்ன் சீர்வரிசைப் பாத்திரங்களோடு புகுந்த வீட்டுக்கு வந்தது.

முதல் தடவை நானேதான் தப்புப் பண்ணினேன். சீக்கிரம் முடிக்கிற அவசரத்தில், இரண்டு குழாயில் வருகிற பசையைக் கலந்து துளையில் ஊற்றி புஷ்ஷை அழுத்தினேன். துளையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கவில்லை. காலையில் போல்ட்டை ஏற்றினால் எல்லாம் சேர்ந்து சுற்றியது. இவர் ஸ்பேனரைத் துடைத்து டூல் பையில் வைத்துவிட்டுப் போனார். அதுதான் எனக்கு எரிச்சல்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு முறையாக உட்கார்ந்தேன். பழைய பசையைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தினேன். புஷ்ஷின் வெளிப்பக்கத்தில் அரத்தால் குறுக்கும் நெடுக்கும் கோடு இழுத்தேன். ப்ளாஸ்டிக் கவ்விக்கொள்ள அது வேண்டும். தாங்கியின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து அதே ப்ளாஸ்டிக்கைக் கொஞ்சம் சீவி எடுத்தேன். அகண்டுபோன துளைக்குள் அதை அயர்னால் உருக்கி அப்பினேன். பிறகு புஷ்ஷைத் துளையின் வாயில் வைத்து, அயர்ன் முனையை அதற்குள் நுழைத்தேன். சூடு ஏறினதும் புஷ் தானாகவே இறங்கும். கை அமுக்கக் கூடாது, கூடவே போகவேண்டும். விளிம்போடு சமமானதும் அயர்னை எடுத்துவிட்டு இரும்பு ஸ்கேலால் மேலே பிடித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது சாய்ந்துவிட்டது. திரும்பச் சூடாக்கி நிமிர்த்தினேன். இவர் விரலை நீட்டினார்.

“ஆறட்டுமுங்க! ஒரு மணி நேரம் கிட்டயே வராதீங்க.”

“உறுதியா இருக்குமா புள்ள?”

“முன்னாலயும் உறுதியாத்தான் இருந்துச்சு. தெனமும் முறுக்கி முறுக்கிப் பிடுங்குனது யாருங்க?”

அவர் வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

சைக்கிள் டியூப்பில் வட்ட வட்டமாக வெட்டி, போல்ட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கொடுத்தேன். அதிர்வை ரப்பர் வாங்கிக்கொள்ளும். போல்ட்டைக் கையால் முறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று. அவ்வளவுதான். அந்த அளவு ஸ்பேனரை மட்டும் அவர் டூல் பையிலிருந்து எடுத்து என் தையல் மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

சாயங்காலம் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். நாமக்கல் ரோட்டில் காற்று நேராக முகத்துக்கு வந்தது. “வேகமாப் போங்க” என்றேன். போனார். புளியமரங்கள் பேயாட்டம் ஆடின, கண்ணாடி ஆடவில்லை. “அசையலை புள்ள!” என்று கத்தினார். அசையாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் வாயால் கேட்க நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் பிரேக் சரிபார்க்கப் போனபோது நானும் போயிருந்தேன். மெக்கானிக் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். குனிந்து தாங்கிக்கு அடியில் பார்த்தார்.

“சேலத்துல எந்தக் கடையில பண்ணுனதுங்க டாக்டர்?”

“ஊட்டுலதான்” என்று இவர் என்னைக் காட்டினார்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. ஷெட்டுக்குள் போய், தூசி படிந்த தாங்கிகள் இரண்டைக் கொண்டுவந்தார். “அக்கா, இதுலயும் புஷ் கழண்டுதானுங்க கெடக்குது. பண்ணித் தருவீங்களா?”

“குடுங்க. அதோட போல்ட்டையும் சேர்த்துக் குடுங்க, எவ்வளவு முறுக்கோணும்னு நானே காட்டறேன்” என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.