அய்யா நடந்து வாசித்த இத்தாலி வேதம்

டிவியில் ரோமாபுரிப் பூசை. ஒருவர் இத்தாலி பாஷையில் வாசிக்க ஆரம்பித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து கூடத்தில் நடக்கத் தொடங்கிவிட்டேன்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போன அய்யா, இத்தாலியில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் எழுத்துப் படித்தார், அதுவும் அந்த ஊர் எழுத்து. தமிழில் அவருக்கு 'அ' கூடத் தெரியாது. திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு உட்காரவும் மாட்டார், உறங்கவும் மாட்டார். அங்கிருந்து கொண்டுவந்த வேதத்தை, அந்தப் பைபிளை, சத்தமாக வாசித்துக்கொண்டு கம்மாய்க்கரையில் நடப்பார்.

"நம்ம சாமிக்குத் தமிழ் தெரியாதாக்கும்" என்பாள் அம்மா. அந்தப் பாஷை அவரை மறுபடி கப்பலேற்றிவிடுமோ என்று பயந்து, ஒருநாள் புத்தகத்தைக் கம்புப் பானைக்குள் ஒளித்துவிட்டாள். தேடிப் பார்த்த அய்யா, டவுனுப் பாதையில் இறங்கி நடந்தார். புத்தகத்தோடு அம்மா பின்னால் ஓட, அவள் பின்னால் நான்.

"இந்தாங்க. நடக்கிறதுன்னா வீட்டைச் சுத்தி நடங்க."

அய்யா கம்புத் தூசியை ஊதிவிட்டு, நின்ற இடத்திலேயே வாசித்துச் சிரித்தார். "காணாமப்போன ஆட்டைத் தோள்ல தூக்கிப்போட்டு, சந்தோசமா வாரான்னு போட்டிருக்கு."

"உங்களைத் தூக்க எனக்குத் தெம்பில்ல. நடந்தே வாங்க."

சாகும்வரை அவர் உட்கார்ந்து வாசித்ததில்லை. வேதத்தை விரித்ததும் வரும் அந்தச் சிரிப்பும் குறையவில்லை.

கூடத்தில் நடந்த நான் வாசற்படி இறங்கியிருந்தேன். "எங்கத்தே கெளம்பிட்டீக?" என்றாள் மருமகள்.

"வீட்டைச் சுத்தித்தான்" என்றேன்.