கறுப்புப் பட்டை

சிதம்பரத்துக் கொத்தனார்களிடம் தட்சிணாமூர்த்தி என்று கேட்டால் யோசிப்பார்கள். ‘கறுப்புப் பட்டை’ என்றால் உடனே தெரியும். கராத்தே என்று நினைக்க வேண்டாம், மனிதர் டைல்ஸ் ஒட்டுகிறவர். என் அக்கா ஞானாம்பாளின் கணவர். குமராட்சிப் பக்கம் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, கையாளாக வேலைக்கு வந்து, கொத்துக்கரண்டி பிடித்துக் கற்றுக்கொண்டவர். சுனாமிக்குப் பிறகு கடலூரில் வரிசை வரிசையாக வீடு கட்டியபோது இரண்டு வருஷம் அங்கேயே கிடந்தார். திரும்பி வந்ததும் ஒரு மோகத்தைக் கிளப்பிவிட்டார்: சந்தன நிறத் தரை, ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு முழ அகலத்துக்குப் பளபளவென்று கறுப்பு கிரானைட். வீடுகளுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. கேட்காதவர்களுக்குக்கூட அந்தப் பட்டையைச் சேர்த்து வரைந்தேன். தரையில் முகம் தெரிந்தால்தான் வீடு என்று நம்பிய காலம். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

2007-ல் மாமா தனக்கென்று கட்டிய வீட்டுக்கும் பிளான் என்னுடையதுதான்.

இரண்டு வருஷத்தில் அக்காவுக்கு மறதி தொடங்கியது. வயது ஐம்பத்திரண்டு. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது, பிறகு குழம்பே மறந்துபோனது. மூளை சுருங்குகிறது, குணமாகாது என்று டாக்டர் சொன்னார். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

மறு வருஷம் அவள் அறையை விட்டு வெளியே வர மறுத்தாள். கதவு வரைக்கும் வருவாள், குனிந்து பார்ப்பாள், நின்றுவிடுவாள். வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று சின்ன வயதில் எங்கள் அம்மா தொடையில் கிள்ளிச் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தப் பழக்கம்தான் நோயோடு சேர்ந்து முற்றிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டினோம். மிதிக்க வேண்டாம், தாண்டி வா என்று மாமா கெஞ்சுவார். அவள் “பள்ளம்” என்பாள். எதிரே இருந்த பாத்ரூமுக்குப் போக முடியாமல் நின்ற இடத்திலேயே புடவை நனையும். மாமா கையைப் பிடித்து இழுத்தார். நானும் இழுத்திருக்கிறேன், அவள் மணிக்கட்டில் என் விரல் பதிந்தது. அவள் கத்தியதெல்லாம் அடம் என்றுதான் எனக்குப் பட்டது.

கடைசியில் மாமா அவளைத் தூக்கிக்கொண்டே போய்வரத் தொடங்கினார். ஒரு வருஷத்துக்கு மேல் தூக்கினார். வேலையைக் குறைத்துக்கொண்டார், பேச்சும் குறைந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், இருக்கிறேன் என்பார்.

2011 டிசம்பரில் தானே புயல் அடித்த அன்று ஜன்னல் கண்ணாடி உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. மாமா அறை வாசலில் காலி சிமெண்ட் சாக்குகளை விரித்துப் போட்டார். அக்கா எழுந்து வந்து, சாக்கின் மேல் நடந்து, கூடத்தில் உட்கார்ந்தாள். யாரும் அழைக்கவில்லை. மூன்றாம் நாள் தரை காய்ந்து சாக்கை எடுத்ததும் பழையபடி வாசலில் நின்றாள்.

“பள்ளம்.”

மாமா அவள் பக்கத்தில் போய் நின்று அவளைப் போலவே குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கறுப்புக் கல்லுக்குள்ளே, வெகு ஆழத்தில், மேலே தொங்கும் மின்விசிறி தெரிந்தது.

“மச்சான், அவ சரியாத்தான் சொல்லியிருக்கா. வாசலுக்கு வாசல் பள்ளம் வெட்டி வச்சிருக்கேன்.”

எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. மரத்துப்போன காலைத் தரையில் ஊன்றியது போல இருந்தது.

பொங்கல் கழிந்ததும் கறுப்புக் கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தார். மெஷின் சத்தத்துக்கு அவள் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள் என்று உளியாலேயே, நான்கு வாசலுக்கும் ஐந்து நாள். பளபளப்பில்லாத சந்தன நிறக் கல்லை ஒட்டினார். அவள் கண்ணில் படட்டும் என்று பாத்ரூம் கதவுக்கு மட்டும் நான் மஞ்சள் அடித்தேன். கல் இறுக இரண்டு நாள் விட்டோம்.

மூன்றாம் நாள் காலை மாமா கூடத்து மூலையில் குந்தி, சிந்திய சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, உடம்பெல்லாம் தூசி. அக்கா அறையிலிருந்து வந்தாள். குனிந்துகூடப் பார்க்கவில்லை. வாசலைக் கடந்து, மஞ்சள் கதவைத் திறந்து போய்விட்டு, திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள்.

“வேல முடிஞ்சா கெளம்புங்க மேஸ்திரி. அவரு வர்ற நேரம்.”

நான் மாமாவைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமே இல்லை. “சரிங்கம்மா” என்றார். கரண்டியையும் உளியையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வெளிக்குழாயில் குளித்தார். கொடியில் கிடந்த வேட்டி சட்டையை மாட்டிக்கொண்டார். தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“கொத்தனாரு போயிட்டாரா?” என்று அக்காவிடம் கேட்டார்.

“இப்பதான் போனாரு” என்று சொல்லிவிட்டு, அவள் அடுப்படிக்கு நடந்து போய் அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.