சமாதான வளவு

"ஹாண்ட் எண்டா கை, ஷூ எண்டா சப்பாத்து. ஜெர்மன்காரனுக்குக் கையுறை கைச்சப்பாத்து, தம்பி" என்று சொல்லிவிட்டு, சீட் பெல்ட் மாட்டும் முன்பே அடுத்த சொல்லைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார் அரியரட்ணம் அங்கிள். வியாழக்கிழமைகளில் அவரை சுகர் லேண்ட் நூலகத்தில் இறக்கிவிட்டு அழைத்து வருவது பக்கத்து வீட்டுக்காரனான என் வேலை. அங்கே ஜெர்மன் அகராதியில் பார்க்கும் குறிப்பெல்லாம் மருந்துக்கடைப் பையின் பின்புறத்தில்தான் எழுதுவார்.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போய், ஜெர்மனியில் இருபது வருடம் ரொட்டி அடுப்பின் முன் நின்றவர். இங்கே மகன் துவாரகனின் வீட்டில் அந்த மொழியில் இப்போது பேச ஆள் இல்லை. மனைவி தவமலருக்கு எழுத்தில் அடையாளம் தெரிந்தது ஒரே சொல்: ஃப்ரீட்ஹோஃப், இடுகாடு. பிறந்த பதினோராம் நாள் இறந்த மகளை அங்கே புதைத்தபோது அங்கிள் பிரித்துச் சொன்னாராம்: "ஃப்ரீட் சமாதானம், ஹோஃப் வளவு, முற்றம் மாதிரி. பிள்ளை சமாதான வளவில கிடக்குது."

சென்ற மாதம் அந்த ஜெர்மன் ஊர் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. அங்கே குழிக்குத் தவணை உண்டு. அது முடிந்துவிட்டது, நீட்டிக்க வழியில்லை, மார்ச்சில் நிரவிவிடுவார்கள். சமாதானம் என்று பேர் வைத்த இடத்தில் எப்படி மண்வெட்டி வைப்பீர்கள் என்று பதில் எழுத நினைத்து, அந்தச் சொல்லின் வேரைத் தேட இந்த வியாழன் நூலகத்துக்குப் போனார்.

திரும்பும்போது ஃப்ரீவேயில் மழை. அங்கிள் மருந்துக்கடைப் பையில் எழுதியதைத் திரும்பப் படித்துவிட்டுச் சொன்னார்:

"அது சமாதானம் இல்லையாம், தம்பி. ஆதியில அந்தச் சொல் வேலி அடைச்சுக் காக்கிறது. சேர்ச்சுக்கு முன்னால அடைச்ச வளவு. பழஞ்சொல்லு மறந்தாப் பிறகு சனம் சமாதானம் எண்டு நினைச்சிட்டுது. நானும் அதைத்தான் தவமலருக்குச் சொன்னனான்."

வீட்டில் தவமலர் ஆன்ட்டி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அங்கிள் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

"கடிதம் வந்தது தெரியும்" என்றார் ஆன்ட்டி. "சட்டை தோய்க்கேக்க கண்டனான். அந்தச் சொல்லு இருந்தது. நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு இருந்தன்."

அங்கிள் கடிதத்தை மடித்தார்.

"தலைமாட்டுக் கல்லை என்ன செய்வினம்?" என்று கேட்டார் ஆன்ட்டி.

"கேட்டா அனுப்புவினமாம்."

ஆன்ட்டி கையைத் துடைத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தார். தூறல் நிற்கவில்லை. கறிவேப்பிலைத் தொட்டியை இரண்டு கையாலும் ஒரு பக்கமாக இழுத்தார். பிறகு ஈரமண்ணில் குந்தி, சாண் விரித்து, கல்லின் நீளத்துக்கு ஒரு தடவையும் அகலத்துக்கு ஒரு தடவையும் அளந்து பார்த்தார்.