ஆட்டக் கூடாத மரம்

எனக்குக் கை சும்மா இருக்காது. நான்காம் வகுப்பு படிக்கும்போது அது இன்னும் மோசம். அப்படிப்பட்டவளிடம் போய் நான்கு மரங்களைக் காவல் காக்கச் சொன்னார் அப்பா, பாவம்.

கூடுவாஞ்சேரியில் எங்கள் லேஅவுட்டின் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு அப்பாதான் செயலாளர். நுழைவாயில் வளைவுக்கு இருபுறமும் அலங்காரப் பனை மாதிரியான பாம் மரம் நின்றால் எவ்வளவு கம்பீரமாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நர்சரியில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்த நான்கை வேரோடு பெயர்த்து லாரியில் கொண்டுவந்து நட்டார்கள். "மழை சீசன்ல நடறீங்களே சார், நிக்குமா?" என்றார் எதிர்வீட்டு மாமா. அப்பாவுக்குச் சுருக்கென்றது. வேடிக்கை பார்க்க வந்திருந்த அத்தனை பேர் நடுவில், "ஒண்ணு சாஞ்சாலும் நான் பதவியை விட்டுடறேன்" என்று வாயை விட்டார்.

நர்சரிக்காரர் தண்டில் கோணி சுற்றி, ஒவ்வொன்றுக்கும் மூன்று சவுக்குக் கட்டைகளை முட்டுக்கொடுத்தார். "வேரு புடிக்கிற வரைக்கும் யாரும் கை வெக்காதீங்க சார். நூலாட்டம் புது வேரு வரும். ஆட்னா அறுந்து பூடும்" என்றார். யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது என் வேலையாயிற்று.

நூல் போன்ற வேர் மண்ணுக்குள் வந்ததா இல்லையா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? காற்றடித்தால் போதும், பாடத்தில் மனம் நிற்காது. தினமும் பள்ளி வேன் வருவதற்குள் நான்கையும் லேசாக, ரொம்ப லேசாக, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். மூன்றாவது மரம் கொஞ்சம் அசையும். நாளைக்கு அசையாது என்று சமாதானம் செய்துகொள்வேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் அசையும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மழைகூட இல்லை, அது கட்டைகளையும் தள்ளிக்கொண்டு சாய்ந்து கிடந்தது. ஊரே கூடிவிட்டது. நர்சரிக்காரர் மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

"யாரோ டெய்லி ஆட்டிகினே இருந்துகீறாங்க சார். வேரெல்லாம் அறுந்துகீது."

அப்பா எதிர்வீட்டு மாமாவிடம் பாய்ந்தார். "நீங்கதான் சார்! ஆரம்பத்துலேர்ந்தே உங்களுக்கு இது பிடிக்கல."

"நான் ஏன் சார் ஆட்டறேன்? ஒரு நாளாவது கிட்டப் போயிருப்பேனா?" மாமாவின் குரல் உடைந்தது. நான் மெதுவாகக் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தேன். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்த அப்பா, சட்டென்று நிறுத்திக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அன்று மாலையே கூட்டம் போட்டு, எல்லோர் முன்னாலும் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டார். பதவியையும் விட்டார். அப்பா என்னைக் கண்டுபிடித்துவிட்டார், காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறார் என்றே நான் நம்பினேன். ஐயோ, அந்தப் பதவி என்றால் அவருக்கு உயிராயிற்றே! வீட்டுக்கு வரும் வழியில் தாங்க முடியாமல் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். "நான்தாம்பா தினமும் ஆட்டினேன். வேர் பிடிச்சுடுச்சான்னு பாக்கத்தான்."

அப்பா நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"நீயுமா?" என்றார்.

அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். விழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தார். ஒரு திட்டுக்கூட விழவில்லையே, ஏன் என்பது அப்போது எனக்கு விளங்கவே இல்லை.