தலைகீழாகப் பறந்த கொடி

மாணிக்கத்தின் வேலையைப் பறித்தவள் நான். அவன் புத்தி பேதலித்துப் போனதற்கும் நானே காரணம். தெரியாமல் நடந்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்... தெரிந்தே செய்தேன்!

பினாங்கில் ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் நானும் என் வீட்டுக்காரரும் சலவைத் தொழில் செய்தோம். கடற்கரைத் திடலில் பறக்கும் வெள்ளைக்காரன் கொடியும் எங்களிடம்தான் வெளுக்க வரும். அதைக் கொண்டுவந்து கொடுப்பவனும், திரும்ப வாங்கிப்போய்க் கம்பத்தில் ஏற்றுபவனும் திடல் சேவகன் மாணிக்கம். எங்கள் ஊர்க்காரன். பொழுது விடிந்தால் என் கையால் கஞ்சி குடித்தவன். கூடப் பிறக்காத தம்பி என்றே நினைத்திருந்தேன்.

ஓர் ஆண்டு வெள்ளைக்கார ராஜாவின் பிறந்தநாள் அணிவகுப்பைப் பார்க்கத் திடலுக்குப் போனோம். பீரங்கி முழக்கம், பேண்டு வாத்தியம், வெள்ளைத் தொப்பிகள்... துரைமார் கூடாரத்தில், எங்களைப் போன்றவர்கள் கயிற்றுக்கு இப்பால், மரத்தடியில். கொடி ஏறியதும் என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம வெளுத்த கொடி, பாரு புள்ள" என்றவர், கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் கயிற்றைத் தாண்டிப் புல்லில் கால் வைத்துவிட்டார்.

பிரம்போடு ஓடிவந்தான் மாணிக்கம். முகத்தைப் பார்த்தான். யாரென்று தெரிந்தும் அடித்தான்! துரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தாரே, நல்ல பெயர் வாங்க வேண்டாமா? உண்ட வீட்டுக்கே இரண்டகம் செய்தான். அடியைவிட, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களே, அது... என் மனிதர் அதன்பின் என் முகம் பார்த்துப் பேசவில்லை. அடுத்த நாகப்பட்டினம் கப்பலில் ஏறிவிட்டார். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

துரை முன்னால் தனக்கு வேறு வழியில்லை என்று மாணிக்கம் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தான். பரவாயில்லை என்று சொல்லிக் கஞ்சி ஊற்றினேன். ஆம், சிரித்துக்கொண்டே ஊற்றினேன்!

அந்தக் கொடிக்கு மேல், கீழ் உண்டு. பார்த்தவுடன் தெரியாது. கம்பத்தை ஒட்டிய பாதியில், சாய்ந்து போகும் அகன்ற வெள்ளைக் கோடு சிவப்புக்கு மேலே வரவேண்டும். கொடியின் ஓரத்தில் கயிறு கோத்த கித்தான் பட்டை ஒன்று இருக்கும். அதன் மேல்முனையில் ஒரு சிறு மரக்கட்டை. துணியில் கறை ஏறாதிருக்க, பட்டையைப் பிரித்துவிட்டுத் துவைத்து, காய்ந்தபின் தைப்பது எங்கள் வழக்கம். மாணிக்கம் கோடுகளைப் பார்ப்பவனல்லன். கட்டை இருக்கும் முனை மேலே, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த பாடம்.

மறு ஆண்டு பிறந்தநாளுக்கு, கட்டை கொடியின் கீழ்ப்பக்கம் வரும்படி பட்டையை முனை மாற்றித் தைத்தேன். மனம் தடுத்ததா? இல்லை.

அன்று திடலுக்குத் தனியே போனேன். கொடி ஏறியது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு, நங்கூரமிட்டிருந்த கப்பலிலிருந்து ஒரு படகு விரைந்து வந்தது. கொடி தலைகீழானால் ஆபத்து, உதவி தேவை என்று பொருளாம்! கரையில் என்ன ஆபத்து என்று விசாரிக்க வந்தார்களாம். பெரிய துரையின் முகம் சிவந்தது. மாணிக்கத்தின் இடுப்பு வாரை அங்கேயே கழற்றச் சொன்னார்கள். கூட்டம் சிரித்தது. எத்தனை இனிப்பு அந்தச் சிரிப்பு!

அதோடு நின்றேனா? அவசரமாக இறக்கியபோது சேற்றில் விழுந்த கொடி என்னிடமே வெளுக்க வந்தது. பட்டையைச் சரியாகத் தைத்து அனுப்பினேன். கட்டையை மேலே வைத்துத்தான் கட்டினேன் என்று விசாரணையில் மாணிக்கம் அழுதானாம். கொடியை விரித்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. கள் மயக்கம் என்று சொல்லித் துரத்திவிட்டார்கள்.

என்னிடம்தான் வந்தான்.

"கட்டய மேலதான்க்கா வச்சேன். ஆனா கொடி சரியாத்தான் இருக்கு. அப்ப என் கண்ணுதான் கெட்டுப்போச்சு போல லா?"

"அப்படித்தான் போல" என்றேன்.

அதன்பின் அவன் வேறு வேலைக்குப் போகவில்லை. நாள்தோறும் திடலோரம் நின்று அண்ணாந்து பார்க்கிறான். போவோர் வருவோரிடமெல்லாம் கொடி நேராக இருக்கிறதா என்று கேட்கிறான். அவன் மனைவி மாவிடித்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். எனக்கு இரக்கம் வருகிறதா...? வரத்தான் செய்கிறது. வரும்போதெல்லாம் கூனிய முதுகோடு கப்பலேறிய என் மனிதரை நினைத்துக்கொள்கிறேன். வந்த இரக்கம் போய்விடுகிறது.

நேற்று துணிமூட்டையோடு அந்த வழியே போனேன். ஓடிவந்து மறித்தான்.

"நீ வெளுக்கறவ, ஒனக்குத் தெரியும். சொல்லுக்கா, கொடி சரியா இருக்கா?"

அண்ணாந்து பார்த்தேன். கொடி சரியாகத்தான் பறந்தது. ஒரு சொல் போதும், அவன் அன்றைக்காவது நிம்மதியாகத் தூங்கியிருப்பான்...

"இல்ல தம்பி. தலைகீழாத்தான் இருக்கு."

கம்பத்தை நோக்கி அலறிக்கொண்டு ஓடினான். காவலர்கள் அவனைத் தரையில் போட்டு இழுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் வீடு வந்தேன். நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும்... நாளைக்கு அவன் கேட்டால், அதையேதான் சொல்வேன்.